ஞாயிறு ஓவர்ரைமும் சின்னத் துவக்கும்

ஒக்ரோபர் 3, ஞாயிறு

காலை மூன்று பாகை. தூறல், பிறகு நின்றுவிட்டது. கையுறை மறந்து போனேன்.

பொப்பின் பிக்கப்பில் ஸ்ரௌவ்வில் ஊரைத் தாண்டி வடக்கே, துவக்குச் சுட்டுப் பழகும் சுடுகளம். பொப் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெசின். என் வயதுதான், உடம்பு என்னைப் போல இரண்டு மடங்கு. ஏழு வருடமாக இரண்டு பேரும் காதை அடைத்துக்கொண்டு தகரம் வெட்டுகிறோம். அவனிடம் உள்ள துவக்குகளில் எனக்குத் தோதானது ஒன்றே ஒன்று. செக் நாட்டுச் சாமான். சின்னது.

மற்றவற்றைப் பிடிக்க நான் கழுத்தை நீட்ட வேண்டும். இது என் ஐந்தடி மூன்றங்குலத்துக்கு அளந்து தைத்தது மாதிரி. போல்ட்டைக் கதவுத் தாழ்ப்பாள் போலத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்க வேண்டும். ஒவ்வொரு ரவைக்கும் ஒரு தடவை. ஐந்து ரவை கொள்ளும். உதை குறைவு. ரவை பெரிதுமில்லை சின்னதுமில்லை, நடுத்தரம். கபிலக் கடதாசிப் பொதியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருகிறது. மலிவு.

முதல் தடவை சுட்ட ரவையின் வெற்றுக் கோதைக் கையில் எடுத்தபோதே தெரிந்துவிட்டது. ஊரில் இரவுச் சண்டைக்குப் பிறகு விடிய முற்றம் கூட்டும்போது அகப்படுகிற கோது இதே நீளம், இதே தடிப்பு. பொப்புக்குச் சொல்லவில்லை.

இருபது சுட்டேன், நூறு யார் தூரத்தில். பதினாறு கறுப்பு வட்டத்துக்குள்.

ஏன் இவ்வளவு பிடிக்கிறது? ஊரில் ஒன்று வெடித்தால் அடுத்தது எப்போது, எந்தப் பக்கம் என்று தெரியாது. இங்கே ஒன்று வெடித்தால் நான் போல்ட்டை மடக்கும் வரை அடுத்தது இல்லை. நடுவில் உள்ள அமைதி முழுக்க என் கையில். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சந்தோசம்.

திரும்பும் வழியில் பொப் சொன்னான், தோளில் ஒப்பரேஷனாம், இனிச் சுட முடியாதாம். சின்னதை நானே எடுத்துக்கொள்ள வேண்டுமாம், வேறு ஆளிடம் கொடுக்க மனமில்லையாம். மாத முடிவுக்குள் பதில்.

வீட்டில் மனைவி தேவகிக்கு வழமையான பொய்: ஞாயிறு ஓவர்ரைம்.

கவனிக்க: இனி இந்தக் கொப்பியில் ‘து.’ என்று மட்டும் எழுத வேண்டும். தே. எடுத்துப் பார்த்தாலும் விளங்கக்கூடாது. (மேலே முழுதாகவே எழுதிவிட்டேன். கெட்டிக்காரன்.)

ஒக்ரோபர் 5, செவ்வாய்

லிஃப்ற் இரண்டும் பழுது. பதினாலு மாடி நடை. பத்தாம் மாடியில் இருந்துவிட்டுத்தான் ஏறினேன்.

து. வைத்திருப்பதற்கான அனுமதிப் பத்திரப் படிவம் முழுக்க வாசித்தாயிற்று. தேவையானவை:

படம் ஒன்று – இருக்கிறது
பாதுகாப்புச் சோதனை – ஓகஸ்டில் பாஸ் (தே.க்கு ஃபோர்க்லிவ்ற் வகுப்பு என்று சொன்னது)
மூன்று வருடமாவது தெரிந்த இரண்டு பேர் – பொப், யோகன்
மனைவி கையெழுத்து –

அதில்தான் நிற்கிறது. அவள் கையெழுத்து வைக்காவிட்டால் அரசாங்கமே அவளுக்கு அறிவிக்குமாம். எப்படிச் சுற்றினாலும் தே.யிடம்தான் போய் முடிகிறது.

அவளுடைய தம்பி ரூபன். மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனவன், ரவைச் சன்னம் பட்டு சந்தியில் விழுந்தான். பத்தொன்பது வயது. அப்போது நாங்கள் கலியாணம் கட்டி நாலு மாதம். இங்கே கோடையில் வாணம் விட்டால் இன்றைக்கும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுவாள். அந்தப் பெண்ணிடம் எந்த வாயால் கேட்பது?

கேட்காமல் விட்டால் து. யாரோ ஒருவனுக்குப் போய்விடும். அதை நினைக்கவும் முடியவில்லை. நாற்பது வயதில் எனக்கு வந்த ஆசையைப் பார்.

வெளியே தெரிந்தால் சனம் வேறு. ‘உவன் ஊரில எந்த இயக்கம்?’ என்று தொடங்கும்.

ஒக்ரோபர் 7, வியாழன்

வெயில், ஆனால் குளிர். சாப்பாடு: பாண், முட்டை.

மதிய இடைவேளையில் யோகனுக்குப் போன். ஊரில் இருந்த காலத்திலிருந்து கூட்டாளி, இப்போது அஜின்கோர்ட்டில். து. பற்றித் தெரிந்த ஒரே தமிழன். ஆள் இல்லை, போனில் குரல் பதிகிற மெசின்தான் பேசியது. பின்னால் தகரம் அழுத்தும் பிரெஸ் அடித்துக்கொண்டிருந்தது, கத்தித்தான் சொன்னேன்: “யோகன், எங்கட வீட்டுத் துவக்கு விசயம். தேவகிக்கு இன்னும் சொல்லேல்லை. நீ ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. சனிக்கிழமை வந்து கதைக்கிறன்.”

தே. நவராத்திரி ஆரவாரத்தில். கோயிலில் ஐந்தாம் நாள் உபயம் எங்களுக்காம், வரும் வியாழக்கிழமை. கோயில் என்றால் தொழிற்பேட்டையில் ரயர்க் கடைக்குப் பின்னால் உள்ள மண்டபம். நாலு வருடம் கேட்டுக் கிடைத்தது. பட்டியல் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறது: கடலை, அவல், சர்க்கரை, வாழைப்பழம் மூன்று சீப்பு, புதுச் சீலை கரை தைக்க. இவ்வளவு முகம் மலர்ந்து அவளைப் பார்த்து எவ்வளவு காலம். இந்தக் கிழமை படிவத்தை நீட்டக்கூடாது. பூசை முடியட்டும்.

ஒக்ரோபர் 10, ஞாயிறு

காற்று. இலை எல்லாம் சிவப்பு.

நேற்று யோகன் வீட்டில் இல்லை. அவன் மனைவி ராணி கதவைத் திறந்தாள். என் கையை இரண்டு கையாலும் பிடித்து, “மனதைத் தளர விடாதேங்கோ அண்ணை” என்றாள். தேத்தண்ணிக்குக்கூடச் சொல்லவில்லை. யோகன் சொல்லிவிட்டானோ? து.க்கு ஏன் மனம் தளர வேண்டும்? விளங்கவில்லை.

இன்று பத்தொன்பது உள்ளே, ஒன்று வெளியே. கடைசி ஐந்தையும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையால் மூடலாம். பொப் சிரித்து முதுகில் அடித்தான், அவன் தோள்தான் நொந்தது. பெரிய துவக்குக்காரர் இரண்டு பேர் வந்து வாங்கிப் பார்த்தார்கள். இவ்வளவு சின்னதா, இவ்வளவு நேராகச் சுடுமா என்று. ஏதோ என் பிள்ளையைப் புகழ்ந்த மாதிரி எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வீட்டுக்குள் கால் வைத்ததும் தே.:

“லோங் வீக்கெண்டிலையும் விடமாட்டினமோ?”

“அவசர ஓடர்.”

ஜக்கெற்றை வாங்கி மணந்து பார்த்தாள். “மெசின் எண்ணெயோ உது? கரி மாதிரி மணக்குது.” தோய்க்கப் போட்டுவிட்டாள். என்னைப் பற்றி எனக்கே அருவருப்பு.

ஒக்ரோபர் 12, செவ்வாய்

மழை. பல்லுவலி.

வேலையால் வந்தால் தே. போனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருக்கிறாள். கோயிலிலிருந்து போன் எடுத்தார்களாம். எங்கள் உபயத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்தாயிற்றாம். ஏன் என்று கேட்டதற்கு, “அடுத்த வரியம் வடிவாச் செய்யலாம் பிள்ளை” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்களாம்.

“நான் என்ன பிழை விட்டனான்?” என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்? கோயில்காரரை நன்றாகத் திட்டினேன். கடலை ஊறப் போட்ட சட்டியை அப்படியே விட்டுவிட்டுப் படுத்துவிட்டாள்.

ஒக்ரோபர் 13, புதன்

எழுதக் கை வரவில்லை. என்றாலும் எழுதி வைக்க வேண்டும்.

ஆறு மணிக்கு வந்தேன். கதவைத் திறந்தால் தே. சோபாவில். தலை முழுகியிருக்கிறாள், துவட்டவில்லை. தண்ணீர் சொட்டிச் சோபா நனைந்துபோய். சுவாமிப் படத்தட்டுக்கு முன்னால் சீலை இழுத்து மூடியிருக்கிறது. அடுப்பு மூட்டவில்லை.

“ஆர்?”

“என்ன ஆர்?”

“மறைக்காதேங்கோ. ஆர் செத்தது? ஐயாவோ?”

அவளுடைய ஐயா, என் மாமனார், ஊரில் தனியாக. கடிதம் வந்து ஐந்து மாதம்.

“ஒருத்தரும் சாகேல்லை, தேவகி.”

“ராணி தன்ர காதால கேட்டவளாம். நீங்கள் போனிலை சொன்னதாம். எங்கட வீட்டுத் துடக்கு, தேவகிக்கு இன்னும் சொல்லேல்லையெண்டு. கோயில் முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. பூசை முடியட்டுமெண்டு வைச்சிருந்தனீங்களோ? செத்த வீட்டோட என்னைச் சாமிக்குப் படைக்க விடப் பாத்தனீங்களோ?”

பிரெஸ் சத்தத்துக்குள் கத்தியது நான். ஒரு எழுத்துத்தான் மாறி, துவக்கு துடக்காகி, சாவுத் தீட்டாகிவிட்டது. ராணியைக் குறை சொல்ல முடியாது. மனைவிக்கு ஒளிக்கிற சாமான் எங்கள் சனத்தின் வீட்டில் சாவாகத்தான் இருக்கும்.

அந்த இடத்தில் இரண்டே வழி. துடக்கு என்றே விட்டால் உயிரோடு இருக்கிற மனிசனை நான் சாகடிக்க வேண்டும். இல்லை என்றால் மற்றதைச் சொல்ல வேண்டும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், முந்தியதையும் யோசித்தேன். தூரத்துச் சொந்தம் ஒன்றைச் சாகடித்தால் என்ன என்று. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

“துடக்கில்லை. துவக்கு.”

“என்ன?”

“துவக்கு. சுடுற துவக்கு. ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்குப் போறேல்லை.”

முதலில் சிரித்தாள். “அப்ப ஐயா இருக்கிறார்” என்றாள். இருக்கிறார் என்றேன். என் சேட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், திரும்ப அழுதாள். எனக்கும் உயிர் வந்தது. முடிந்தது, சொல்லியாயிற்று என்று நினைத்தேன்.

பிறகு சேட்டிலிருந்து கையை எடுத்தாள்.

“துவக்கோ?” என்றாள்.

எல்லாம் சொன்னேன். ஓகஸ்ட் வகுப்பு, பொப், படிவம். ரவையைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. பொய்யில் இருந்து வெளியே வந்தவன் நிறுத்தத் தெரியாமல் கக்கிவிட்டேன். அவள் எழும்பிப் போய்த் தலையைத் துவட்டினாள்.

ஒக்ரோபர் 15, வெள்ளி

நேற்று எங்கள் உபயம் யாரோ செய்தார்கள். யோகன் கோயிலுக்கு விளக்கம் சொல்லப் போனானாம். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. ராணி அவலும் பழமும் கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போனாள்.

இரண்டு நாளாகத் தே. அளந்துதான் பேசுகிறாள். சோறு, உப்பு, பல்லுக்கு மருந்து.

இன்று சாப்பிடும்போது தானாகவே கேட்டாள்.

“சுடேக்கை உங்களுக்குச் சந்தோசமோ?”

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். முடியவில்லை. “ஓம்” என்றேன்.

“இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு வரியத்திலை உங்கட வாயாலை நான் அதைக் கேட்கேல்லை.”

கை கழுவிவிட்டு வந்து, படிவத்தை எடுத்து வரச் சொன்னாள். கோட்டில் கையெழுத்து வைத்தாள். முழுப் பெயர், தமிழில்.

“வேண்டாமெண்டு நான் சொன்னால் பிறகு நீங்கள் என்னைப் பாக்கிற பார்வை எனக்கு வேண்டாம். ஆனால் உது இந்த வீட்டுக்கை வந்தால் நான் நித்திரை கொள்ளமாட்டன். ரெண்டும் உண்மை. இனி நீர் பாரும்.”

கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னை நீங்கள் என்றவள், முதல் தடவையாக ஒரு படி இறக்கி ‘நீர்’ என்றாள். அவளுக்கே தெரிந்ததோ தெரியவில்லை.

மறுத்திருந்தால் கோபிக்கலாம். அழுதிருந்தால் விட்டுக்கொடுக்கலாம். கையெழுத்தை வைத்து என்ன செய்வது?

ஒக்ரோபர் 17, ஞாயிறு

நல்ல வெயில். போவதா என்று கடைசி வரை தெரியாது. போனேன். எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனது இதுதான் முதல் தடவை.

மோசமாகச் சுட்டால் நல்லது என்று நினைத்தேன். கை கேட்கவில்லை. போல்ட் எண்ணெய் போட்டது போல ஓடியது. இருபதும் வட்டத்துக்குள். அந்த அமைதியும் வந்தது, எல்லாம் முன்னைப் போலவே. அவளை நினைத்தாவது குறைந்திருக்கலாம். குறையவில்லை.

படிவம் அனுப்பினாயா என்று பொப் கேட்டான். நாளைக்கு என்றேன்.

தே. கதவைத் திறந்தாள். ஜக்கெற்றை வாங்கினாள், மணந்து பார்க்கவில்லை.

“எத்தனை?”

“இருபது.”

“எல்லாம் பட்டதோ?”

“ஓம். எல்லாம்.”

“ரூபனுக்கு ஒண்டுதான் பட்டது” என்றாள். பிறகு, “சோறு ஆறுது, வாங்கோ.”

தபாற்பெட்டி கீழே, கட்டட வாசலில். இரண்டு தரம் அதைத் தாண்டினேன். படிவம் இந்தக் கொப்பிக்குள் இருக்கிறது.