எட்டாம் வார்டும் என் கொண்டையும்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் வலி மட்டும் காலி செய்ய மாட்டேன் என்று குடியிருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நகரசபைத் தேர்தலில் நான் நிற்பது உனக்குத் தெரியும். போன வாரம் உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து நிருபர் தம்பி வீட்டுக்கு வந்தார். இருபத்தாறு வருஷம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்தவள் நான், எந்தத் தெருவில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், முக்கால் மணி நேரம் அதைத்தான் சொன்னேன், படம்கூடப் போட்டுக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, அது சரிம்மா, ஜெயிச்சிட்டா வீட்டுல சமையல யாரு பாப்பாங்க என்று கேட்டார். இத்தனை நாளும் பார்க்கிறவர்தான் என்று அப்பாவைக் காட்டினேன். மறுநாள் செய்தியில் என் நரைத்த கொண்டை இருக்கிறது, நீலக் கண்ணாடி இருக்கிறது, ஒற்றைப் பிள்ளையின் தாய் என்று நீ இருக்கிறாய், குழாய் ஒன்றுகூட இல்லை. எதிர்த்து நிற்கும் மருந்துக் கடைக்காரருக்கு நான்கு பிள்ளைகள், ஒன்றையும் காணோம், அவருடைய சாலைத் திட்டம்தான் அரைப் பக்கம். அப்பாவோ என் படம் நன்றாக விழுந்திருக்கிறது என்று பூரித்துப்போய், லேமினேட் செய்து கூடத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். முழுசாகப் படியுங்கள் என்றேன். படித்தார், கழற்றினார்.

அதை வைக்கலாம் என்று நீ உன் பத்திரிகையில் எழுதும் செய்திகளைச் சேர்த்திருக்கும் ஃபைலைத் திறந்தேன். மேலாகவே இருந்தது, உங்கள் ஊரில் மேயர் பதவிக்கு நிற்கும் பெண் டாக்டரைப் பற்றி நீ எழுதியது. முதல் வரியில் அவருடைய மென்மையான குரல், இரண்டாவது வரியில் விவாகரத்து. எதிர்த்து நிற்கிற ஆணுக்குப் பேருந்துத் திட்டம். போன மாதம் இதையே என் மகன் எழுதியது என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டினேன், தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரிகிறது. கோபமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நீ நான் வளர்த்த பிள்ளை, சொன்னால் திருத்திக்கொள்வாய். என்னைப் பற்றிக் கவலைப்படாதே, வீடு வீடாகப் போய்க் குழாயைப் பற்றிச் சொல்கிறேன், கதவைத் திறக்கிறார்கள், எல்லாம் மீட்டர் பார்த்த வீடுகள்தானே, ஜெயித்துவிடுவேன் என்றே தோன்றுகிறது. நீ அந்த டாக்டரிடம் இன்னொரு முறை போ, ஊருக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேள், சொல்வதை எழுது. பத்திரிகையில் வந்ததும் அனுப்பி வை, கூடத்தில் ஆணி சும்மாதான் இருக்கிறது.

தொட்ட காரியமெல்லாம் துலங்கி நன்றாயிரு. வெளியே போகும்போது மழைக்கோட்டை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
எட்டாம் வார்டு வேட்பாளர்