அக்காவுக்குக் கேட்ட மருந்து

அக்கா,

விழுப்புரம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இன்று காலை என் மகள் ஷீலாவின் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தார்கள். அந்த வாசனை வந்ததும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே நீ இல்லை.

உன் மனநோய் இவளுக்கும் வந்துவிட்டது, அக்கா. மயிலத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தவள் தூக்கத்தை விட்டாள். பேச்சு நிற்காமல் ஓடியது. ஒருநாள் முதல்வர் அறைக்குள் போய், இனிமேல் கல்லூரியைத் தானே நடத்தப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். கூப்பிட்டார்கள், ஓடினேன். உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் திண்டிவனம் கடைத்தெருவில் நின்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் உன் பட்டுப்புடவைகளைக் கொடுத்தாயே, அதே கண் இவளுக்கும்.

அந்தக் கல்யாணம் நின்றது. உனக்கு மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியம் மாத்திரை தொடங்கினார்கள். தையல் கடை போட்டாய், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை தைத்தாய். "பைத்தியம்னு சொல்றவங்க சொல்லிக்கினு இருக்கட்டும், நான் மாத்திரையப் போட்டுக்கினு இருக்கறேன்" என்பாய்.

அந்த மாத்திரையே உன்னைக் கொல்லப் பார்த்தது ஒரு சித்திரையில். நல்ல வெயில், உனக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. போதாததற்கு முழங்கால் வலிக்கு நீயாக வாங்கிய மாத்திரை வேறு. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் தள்ளாடினாய். நாக்கு குழறியது, கை உதறியது.

"காலங்காத்தால ஊத்திக்கினு வந்துகீது பாரு" என்று ஒருவன் சிரித்தான். கண்டக்டர் உன்னை ஏற்ற மாட்டேன் என்றார்.

"குடிக்கலைங்க, மருந்து ஒடம்புல ஏறிடுச்சிங்க! உசுரு போவுது, ஏத்திக்கோங்க!" என்று கத்தினேன். விழுப்புரம் போய்ச் சேரும்வரை உன் தலையை என் மடியில் அழுத்திப் பிடித்திருந்தேன்.

உடம்பில் நீர் வற்றியதால் மருந்து வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்கிவிட்டது, வலி மாத்திரை அதை இன்னும் ஏற்றிவிட்டது என்றார் மருத்துவர். சலைன் ஏறி நினைவு திரும்பியதும் நீ கேட்டாய்: "இத்தினி தடவ ரத்தம் எடுத்தீங்களே டாக்டர், என் நோவு அதுல தெரியுதா?"

"நோயைக் காட்டற டெஸ்ட் இன்னும் வரலம்மா. மருந்து எவ்ளோ இருக்குது, கிட்னி, தைராய்டு எப்படி இருக்குது, அவ்ளோதான் தெரியும்."

"அப்ப நான் சொல்றதத்தான் நீங்க நம்பணும்" என்று சிரித்தாய். அளவைக் குறைத்து மறுபடி தொடங்கச் சொன்னதும் நீதான். போன வருஷம் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோகும்வரை நிறுத்தவில்லை.

இன்று ரத்தம் எடுக்கும் முன்னே ஷீலா மருத்துவரிடமே சொல்லிவிட்டாள்: "பெரியம்மாவ சாவடிக்கப் பாத்த மாத்திர அது. எனக்கு வேணாம்."

அவர் அவளை வற்புறுத்தவில்லை. என்னைத்தான் கேட்டார்: "அவங்களுக்கு அந்த மருந்து கேட்டுச்சாம்மா? கூடப் பொறந்தவங்க, பெரியம்மா, சித்தி, இப்படி யாருக்காச்சும் நல்லாக் கேட்டிருந்தா, பொண்ணுக்கும் கேக்கறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. ரத்தத்துல தேடிக் கெடைக்காத அடையாளம் இது."

நான் பதில் சொல்லுமுன் ஷீலா என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"எத்தினி வருசம் போட்டாங்கம்மா?"

"கடைசி வரைக்கும்."

"கடைசி வரைக்கும் பெரியம்மாவாவே இருந்தாங்களா?"

"ஆமாண்டி."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ரத்தம் கொடுக்க எழுந்தாள். கிட்னி, தைராய்டு சரியென்று ரிசல்ட் வந்ததும் முதல் மாத்திரை. எனக்குப் பயம் போகவில்லை, அக்கா. ஆனால் அந்த 'ஆமாம்' பொய்யில்லை. நீ வாழ்ந்து கொடுத்த அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் அவளிடம் மாத்திரையை நீட்டப்போகிறேன்.