அரிசிக்கு உயிர், ரயிலுக்குச் சாவு

பங்குனி, திங்கள்

காலையிலிருந்து மழை. அரிசிக் கணக்குக்காகத் தலை எண்ண தோட்ட ஆபீஸ் கிராணி எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்தார். பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளின் கைக்குழந்தை மூன்று வீட்டுக் கணக்கில். பின்வாசல் வழியாகக் கைமாற்றினோம். மூன்றாவது வீட்டில் அது ஆண்பிள்ளை.

நான் என் வீட்டுக்காரரையும் சேர்த்துச் சொன்னேன். காய்ச்சலில் போய் இரண்டு மாதம். கிராணிக்கும் தெரியும்.

"ஆள் எங்க?"

"விறகுக்குப் போயிருக்காரு."

எழுதிக்கொண்டார். சொன்ன பிறகு, நிஜமாகவே விறகுக்குப் போயிருப்பது போல் இருந்தது. சாயங்காலம் வரைக்கும்.

புதன்

வெயில். சயாமில் ரயில் பாதை போட ஆண்கள் வேண்டுமாம். ஜப்பான்காரன் மறுபடி எண்ண வருகிறான். லயத்தில் அத்தனை பேருக்கும் இன்றைக்குப் புருஷன் செத்தான். ஆண்கள் இடுகாட்டில் அவரவர் மேட்டை அவரவரே மண் போட்டு மூடிவிட்டு, ரந்தாவ் பக்கம் காட்டுக்குள் போனார்கள்.

பச்சையம்மாள் வந்தாள். "அக்கா, நிஜமா அழுதவ நீ ஒருத்திதான். எப்படி ஆரம்பிக்கிறது?"

"பேரைச் சொல்லி ஆரம்பி."

"புருஷன் பேரையா? வெக்கமா இருக்குலா."

வெள்ளி

இடுகாட்டில் எண்ணிக்கை. முதல் வீடு நான். அவர் மேட்டைக் காட்டினேன். புல் முளைத்திருந்தது. ஜப்பான் அதிகாரி அரிசிக் கணக்கைப் பார்த்தான். திங்கட்கிழமை உயிரோடு இருந்தவன் மேல் எப்படிப் புல்? ஒளித்து வைத்திருக்கிறாய். புருஷன் வராவிட்டால் மகன் போகட்டும் என்றான். கோபாலுக்குப் பதினாலு வயது.

கிராணியைப் பார்த்தேன். "நான் எழுதினதை நானே பொய்னு சொன்னா என் தலை போயிரும்மா."

பச்சையம்மாள் குறுக்கே வந்து அதிகாரியைக் கும்பிட்டாள். "துக்கத்துல அக்காவுக்கு இடம் தெரியல துவான். அது வேற யாரோ. அவ புருஷன் இதுதான்."

காட்டியது அவள் புருஷன் போட்ட மேடு. அவள் அடுத்த மேட்டில் போய் விழுந்தாள். அதற்குரியவள் அதற்கும் அடுத்ததில். இப்படியே எல்லாரும் ஒன்று தள்ளிப் போக, கடைசி வீட்டுக்காரிக்கு மிஞ்சியது வண்டிமாடு புதைத்த இடம். அதிகாரி நடந்து நீளம் பார்த்தான். பெரிய ஆள் என்றானாம். எழுதிக்கொண்டான்.

நான் வெறும் மண்ணில் விழுந்து அழுதேன். அவர் இரண்டு மேடு தள்ளி. அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. அவர் பேரைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள். கோபாலை விட்டுவிட்டார்கள்.

சனி

தூறல். அரிசி ஓர் ஆள் குறைத்து அளந்தார்கள். பச்சையம்மாள் புருஷன் காட்டிலிருந்து வந்து என் வாசலில் நின்றான்.

"என் மேட்டுல அப்படி அழுதியாமேக்கா. நான் நிஜமா செத்தாலும் இவ அதுல பாதி அழ மாட்டா."

"மாட்டுக்கே அதைவிட நல்லா அழுதாங்க," என்று பக்கத்து வீட்டுக்குள்ளேயிருந்து பச்சையம்மாள்.

சிரித்துவிட்டேன். கோபால் சோற்றிலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.