சாம்பியனை வென்ற பலூன்

தை அமாவாசை, 1979. இரவு.

ஊரறிய ஓர் அறிவிப்பு: பட்டாளத்தில், பனிமலையில் சறுக்கிப் போய்த் துப்பாக்கி சுடும் போட்டியில் மூன்று வருடமாக முதலில் வரும் என் அண்ணனை, இன்று கோயில் குளத்தருகே பலூன் சுடும் கடையில் அடியேன் தோற்கடித்தேன். எனக்கு ஒரு பலூன். அவனுக்குப் பூஜ்யம்.

பனியில் சறுக்கி ஜெயித்தவன் பலூனில் சறுக்கிவிட்டான். சுட்டதெல்லாம் பலகையில்தான் பட்டது.

"இன்னாடா, கை நடுங்குதா?" என்றார் நைனா.

"ஆமா நைனா. முன்ன மாதிரி இல்ல."

"அப்போ பட்டாளம் போதும். எழுதிக் குடுத்துட்டு வந்துடு. கும்மிடிப்பூண்டி கம்பெனியில சொல்லி வச்சிகிறேன்."

அண்ணன் தலையாட்டினான். அடுத்த மாதம் பெரிய போட்டி இருக்கிறது. திரும்பும் வழியில் அதைக் கேட்டேன்.

"பேஜார் பண்ணாதடா," என்றான். வருத்தமா நிம்மதியா, முகத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை.

சரி, உண்மையை எழுதிவிடுகிறேன். நைனா பொரி வாங்கப் போனபோதுதான் நான் சுட்டேன். அண்ணன் பின்னால் நின்று என் கையோடு சேர்த்துத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, "மூச்ச வுட்டுட்டு அமுத்து" என்றான். குறி அவனுடையது. அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

நைனாவிடம் நான் சொல்லவில்லை. அண்ணனுக்காகவா, அவன் ஊட்டோடு இருக்கட்டும் என்று எனக்காகவா, தெரியவில்லை.