எந்த வேகம் எனக்கு?

பெப்ரவரி 11, ஞாயிறு
என் மொடல் ஹெலிகொப்டர் மேலே போய் நின்றதும் ஆட்டம் கண்டது. பெட்ரோல் எஞ்சின், அதிர்வு இருக்கும்தான். ஆனால் இது வேறு. சுழலி நிமிடத்துக்கு 1,500 சுற்று; இறக்கைகள் தாங்கக்கூடிய வேகம்தான். இருந்தாலும் குறைத்துப் பார்ப்போம். மெதுவாகச் சுற்றினால் ஆபத்துக் குறைவுதானே?

பெப்ரவரி 14
மனைவி துஷ்யந்தி எனக்கு அரைக் கோப்பைத் தேத்தண்ணிதான் ஊற்றுகிறாள். ஏனென்று கேட்டேன்.
"முழுசா ஊத்தினா சிந்துறீங்கள். சொன்னா கோவிப்பீங்கள்."
கோபித்தேன்.

பெப்ரவரி 18
1,350. வால் ஒரு பக்கமாக இழுத்தது. என்னோடு பறக்கவிட வரும் மர்ஸூக் தலையை ஆட்டினார்.
"சிறி அண்ணன், இதுக்கு மேல கொறைக்க வாணாம். பாரமான மிஷின். ஸ்பீட் இல்லாட்டி வால் புடிக்காது."
வேகத்தைக் கூட்டினால் என் விரலின் சின்ன அசைவுக்கும் துள்ளுகிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.

பெப்ரவரி 20
துஷ்யந்தி டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நரம்பு வருத்தமாம். குளிசையில் நடுக்கம் குறையுமாம். நிற்குமா என்று கேட்டேன். அவர் துஷ்யந்தியைப் பார்த்தார்.

பெப்ரவரி 25
1,200க்கு இறக்கினேன். ஏன் இறக்கினேன்?
காற்று அடித்தது. வால் சுழன்றது. நான் பிடிக்கப் பார்க்கிறேன், பெருவிரல் என் சொல்லுக் கேட்கவில்லை – வீடியோ எடுத்துக்கொண்டிருந்த மர்ஸூக்கின் மகள் றலியாவை நோக்கியே போனது. பிள்ளை பாய்ந்து விலகிப் புல்லில் குப்புற விழுந்தாள். அவள் நின்ற இடத்தில் இறக்கை மண்ணைக் கிழித்தது.
காயமில்லை. மர்ஸூக் உடைந்த துண்டுகளைப் பொறுக்கித் தந்தார். ஏசியிருக்கலாம்.

பெப்ரவரி 26
கூடினாலும் பயம், குறைந்தாலும் பயம். எந்த வேகம் எனக்கு? கடவுளே, எந்த வேகம்?

மார்ச் 10, ஞாயிறு
இறக்கைகளை மாற்றி, 1,500க்கே திரும்ப வைத்து, மர்ஸூக்கிடம் ரிமோட்டைக் கொடுத்தேன். நான் மைதான வேலிக்கு வெளியே றலியாவோடு நின்றேன். அது வானத்தில் ஆணி அடித்தது போல நின்றது. துளி ஆட்டமில்லை.
இறக்கிவிட்டு வந்து, "நீங்களும் ஒருக்கா?" என்று ரிமோட்டை நீட்டினார்.
"இல்லை. நீரே வைச்சிரும்."
தெஹிவளையில் அவர் வீட்டிலேயே எல்லாவற்றையும் இறக்கினோம். வெள்ளவத்தைக்கு நான் மட்டும் பஸ் ஏறினேன். காசை நீட்டியபோது கை ஆடியது. கொண்டக்டர் பெடியன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காசை எடுத்தான்.
சிங்களத்தில் சரி என்பதாக, "ஹரி அங்கிள்," என்றான்.