ஸ்டாம்பாகிப்போன மருந்து

ப்ரெபன்,

இறைச்சி உருண்டை வாணலியில் இருக்கிறது. உருளைக்கிழங்கை நீயே வேகவைத்துக்கொள்.

உன் அம்மாவின் மறதி மருந்துக்காக முதியோர் இல்லம் தந்த படிவம் மேசையில் இருக்கிறது. மாத்திரையா, தோலில் ஒட்டும் மருந்துப் பிளாஸ்திரியா என்று ஒரு குறி போடச் சொன்னார்கள். நீயோ 'மானுட கண்ணியம்' பற்றி நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறாய். அதைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். சண்டையைச் சாயங்காலம் தொடரலாம்.

உன் அம்மாவுக்குத் தரும் மாத்திரையெல்லாம் பூந்தொட்டிக்குப் போகிறது. செடிக்கு இப்போது ஞாபகசக்தி அபாரம். நேற்று நர்ஸ் சோதனைக்காகத் தோளில் ஒட்டிய பிளாஸ்திரியை உன் அம்மா உரித்து, ஓர் உறையின் வலது மூலையில் ஒட்டிவிட்டார். முப்பது வருடம் தபால் நிலையத்தில் இருந்த கையாயிற்றே! "ஏம்மா, ஸ்டாம்பு ஒட்டியாச்சு. சாயங்காலத் தபால்ல போட்டுடு, ப்ரெபன் காத்துக்கிட்டிருப்பான்" என்று என்னிடம் நீட்டினார். நம் முகவரியில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. நீ அங்கே போய் ஆறு வாரமாகிறது.

கை எட்டாத முதுகில் ஒட்டலாம் என்கிறார் நர்ஸ். ஆனால் முதுகைக் காட்ட, தினமும் காலையில் உன் அம்மாவுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். பிளாஸ்திரிக்கு நேரே குறி போடு.

லோனே

பி.கு.: கார் சாவிக்கு அடியில் அந்த உறை இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை, பார்த்துவிட்டேன். பதிலைத் தபாலில் போடாதே, நேரில் கொண்டுபோ.