ஐந்தாம் பக்கத்துப் படம்

செப். 2, செவ்வாய்

கச்சான் காற்று. மேசையெல்லாம் மணல். கரண்ட் போய்ப் போய் வந்தது. நல்ல காலம், சேவ் பண்ணியிருந்தேன்.

இம்மாத இதழ் முடிந்தது. கடைசியாக ஒப்பேறியது ப.5. கண்டக்குழிக் காதர் நானாவைப் பற்றிய கட்டுரை. கல்யாண வீட்டுச் சமையல்காரர், புத்தளம் முழுக்கத் தெரிந்த ஆள். எழுதியது பத்திரிகை ஆசிரியர் ரிஸ்வான் சேர். படமும் அவர் எடுத்ததுதான். நல்ல படம். நானா குனிந்து, ஆறு பேர் சாப்பிடும் சஹன் தட்டில், சோற்றின் மேல் இறைச்சியைக் கையால் எடுத்து வைக்கிறார். முகத்தில் அப்படி ஒரு கவனம்.

சிக்கல் என்னவென்றால், படம் வலது ஓரப் பத்தியில். நானா பார்ப்பதும் வலது பக்கம். அதாவது தாளுக்கு வெளியே. முகம் பக்கத்துக்குள் பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. படத்தை இடப்பக்கம் கொண்டுபோகலாமென்றால் அங்கே ஹாட்வெயார் கடை விளம்பரம், கேட்டு வாங்கிய இடம், அசைக்க ஏலாது. படத்தைத் திருப்பிப் போட்டேன். கண்ணாடியில் தெரிவது போல. திருப்ப முன் வழக்கம்போல் பார்த்தேன்: பெயர்ப் பலகை இல்லை, மணிக்கூடு இல்லை, எழுத்து ஒன்றும் இல்லை. ஒரே கிளிக். பக்கம் உயிர் பெற்றது.

சேர் புரூஃப் பார்த்தார். எழுத்துப் பிழை இரண்டு. "ப.5 தான் இந்த முறை நல்லாருக்கு" என்றார். அச்சுப் பிளேட்டுக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை நான் எடுக்கும் வகுப்புக்குக் குறிப்பு எழுத வேண்டும். பக்க வடிவமைப்புச் சொற்கள், பிள்ளைகளுக்கு விளங்குகிற தமிழில்.

செப். 4, வியாழன்

வகுப்புக் குறிப்பு, பாதி:

மார்ஜின் – நாலு பக்கமும் விடும் வெறும் இடம். கஞ்சத்தனம் வேண்டாம்.
கட்டர் – இரண்டு பத்திக்கு நடுவில் விடும் சந்து.
க்ரொப் – படத்தில் வேண்டாததை வெட்டுவது. ஆளின் காலை முழங்காலில் வெட்டக் கூடாது, நொண்டி போல் தெரியும்.
ப்ளீட் – படம் தாளின் விளிம்பையும் தாண்டிப் போவது. வெட்டும்போது வெள்ளைக்கோடு வராமலிருக்க.
கப்ஷன் – படத்தின் கீழே எழுதுவது. படத்தில் தெரிவதையே திருப்பி எழுதினால் அடி விழும்.

அம்மாவுக்குப் பிரஷர் குளிசை வாங்கணும். மறக்காதே.

செப். 6, சனி

இதழ் வந்தது. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கின்றன. போன மாதம் போல் எல்லோருக்கும் நாலு உதடு இல்லை. ப.5ஐ வகுப்பில் தூக்கிக் காட்டினேன். "முகம் எங்க பாக்குது, பாருங்கோ." பெருமை. இப்போது எழுதவே கூசுகிறது, ஆனால் பெருமைதான் பட்டேன்.

செப். 7, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து சந்திக் கடையில் பாண் வாங்க நின்றேன். இரண்டு பேர் நம்முடைய பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு சிரிப்பு.

"காதர் நானாவப் பாத்தியா? பீச்சாங்கையால இறைச்சி வைக்கிறாரு."

"அடப்பாவி. என்ட நிக்காஹ்வுக்கும் அவர்தானே ஆக்கின."

"ஒனக்கு எந்தக் கையால வச்சாரோ!"

பாணை வாங்காமலே வந்துவிட்டேன். மெஷினைத் திறந்து அசல் படத்தைப் பார்த்தேன். வலது கைதான். சேட்டுப் பொக்கெற் இடப்பக்கம், இருக்க வேண்டிய இடத்தில். நான் போட்ட படத்தில் பொக்கெற் வலப்பக்கம் இருக்கிறது, இறைச்சி இடது கையில் இருக்கிறது. மணிக்கூடு, பெயர்ப் பலகை எல்லாம் தேடிய எனக்கு ஒரு மனிதனுடைய கை தெரியவில்லை. அதுவும் சோறு வைக்கிற கை. நான் வேதக்காரி என்றால் என்ன, எங்கள் வீட்டிலும் இடது கையால் சோறு வைத்தால் எழும்பிப் போவார்கள்.

வெட்கம். வேறு சொல் இல்லை.

செப். 8, திங்கள்

சேரிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"யாரிட்டயும் சொன்னீங்களா?"

"இல்லை சேர்."

"சொல்லவும் வேணாம். நாலு பேர் சிரிப்பாங்க, மறந்திருவாங்க. நாங்களே பிழையெண்டு சொன்னா விளம்பரம் தாற ஆக்கள் என்ன நினைப்பாங்க? அடுத்த இதழ்ல பாப்பம்."

அடுத்த இதழுக்கு ஒரு மாதம் கிடக்கிறது. ஆனாலும் "சரி சேர்" என்றபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்னும் அருவருப்பு. இன்னொன்றும் உண்டு, இங்கே மட்டும் எழுதுகிறேன்: வன்னியிலிருந்து வந்த தமிழ்ப் பெட்டை வேண்டுமென்றே செய்தாள் என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இத்தனை வருடத்தில் இங்கே ஒருவரும் என்னை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பயம் மட்டும் இருக்கிறது.

அம்மாவின் குளிசை வாங்கியாயிற்று.

செப். 10, புதன்

காதர் நானாவுக்கு ஐந்து இலவசப் பிரதி ஒதுக்கியிருந்தோம். எடுக்க வரவில்லை. போன் எடுத்தாலும் பதில் இல்லை. நானே கொண்டுபோகிறேன் என்றேன். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் பஸ் ஏறினேன். மாம்புரி வரைக்கும் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன்.

கண்டக்குழியில் வீட்டைக் காட்ட ஆள் தேவைப்படவில்லை. கொல்லையில் பெரிய சமையல் கிடாரங்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நானா கதிரையில் இருந்தார். இடது கையைச் சாரத்துக்குள் சொருகியிருந்தார். கை நோவாக்கும் என்று நினைத்தேன்.

பிரதிகளைக் கொடுத்தேன். வலது கையால் வாங்கினார். விரித்துப் பார்க்கவில்லை.

"தங்கச்சி, படம் புடிக்கக்க நீங்களும் நிண்டீங்களா?"

"இல்லை நானா."

"எனக்கு நெனவே வருதில்ல. அண்டைக்கு அந்தக் கையால வச்ச மாதிரி எனக்குத் தெரியல்ல. ஆனா படம் பொய் சொல்லாதானே."

நான் பிரதிகள் கொண்டுவந்த பையை மடித்தேன்.

"என்ட வாப்பாக்கும் இந்த வயசிலதான் துடங்கின. என்ன செய்றாரு எண்டு அவருக்கே தெரியா. கடசில எங்களயும் தெரியாமப் போச்சு. எனக்கும் அதுதான் போல. அதான் இந்தக் கைய இப்படி வச்சிக்கிற. நெனவில்லாம முன்னுக்கு வந்திரும் எண்டு பயம்."

அவருடைய மனைவி ஸித்தி ராத்தா தேத்தண்ணி கொண்டுவந்தார். கண்கள் வீங்கியிருந்தன. "மாம்புரியில சமைக்க எண்டு பேசின கல்யாண வீட்டுக்கும் போய் மாப்புக் கேட்டு, வேற ஆளப் பாருங்க எண்டு சொல்லிட்டு வந்திட்டாரு. அவங்க வேணாமெண்டு சொல்லல்ல. இவர்தான். பேத்திக்குச் சோறு ஊட்டுறதையும் விட்டிட்டாரு" என்றார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஒரே வசனம்: படத்தைத் திருப்பினது நான். அதற்குள் தட்டில் வட்டிலப்பம் வைத்துவிட்டார்கள். சாப்பிட்டேன். நல்லாயிருக்கு என்றேன். போயிட்டு வாறன் என்றேன். பஸ்ஸில் யன்னல் பக்கம் திரும்பி அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால் எனக்காகத்தான்.

செப். 11, வியாழன்

வேலை ஓடவில்லை. கல்யாணக் காட் ஒன்று, பாடசாலை நினைவு மலர் அட்டை. இரண்டிலும் பிழை விட்டுத் திருத்தினேன்.

வகுப்புக் குறிப்பின் மிச்சம்:

ஃபொன்ட் – எழுத்துரு. ஒரு பக்கத்தில் இரண்டுக்கு மேல் வேண்டாம்.
டம்மி – பக்கம் எப்படி வரும் என்று முதலில் வெறும் தாளில் கீறிப் பார்ப்பது.
ஃப்ளிப் –

இதற்கு என்ன எழுதுவது? "படத்தை இடம் வலம் மாற்றுவது" என்று எழுதி அடித்தேன். "ஆள் இருக்கும் படத்தைத் திருப்பவே கூடாது" என்று எழுதினேன். ஏன் மிஸ் என்று கேட்பார்கள். போன கிழமை அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டிப் பீற்றிக்கொண்டதே இந்த மிஸ்தானே.

சேரிடம் நானா சொன்னதைச் சொன்னேன். ப.5ஐ எடுத்து மறுபடி பார்த்தார். பிறகு, "உங்களுக்குச் சரியெண்டு படுறதைச் செய்யுங்க" என்றார். முடிவை என் தலையில் கட்டிவிட்டார். நாளைக்குப் போகிறேன். அசல் படத்தைப் பெரிதாக, கலரில், பிரிண்ட் எடுத்துவிட்டேன்.

செப். 12, வெள்ளி

காற்று சற்றுக் குறைவு. ஜும்மா தொழுகை முடிந்து நானா வீட்டுக்கு வரும் நேரம் பார்த்துப் போனேன்.

இருக்கச் சொன்னார்கள். இருக்கவில்லை. நின்றபடியே படத்தை நீட்டினேன். "நானா, இதுதான் உண்மையான படம். உங்கட வலது கை. பத்திரிகையில திருப்பிப் போட்டது நான்தான். உங்களில ஒரு பிழையும் இல்லை."

கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். தன்னுடைய வலது கையைத் தூக்கிப் படத்துக் கைக்குப் பக்கத்தில் பிடித்தார். சேட்டுப் பொக்கெற்றைத் தொட்டுப் பார்த்தார். ஏசுவார் என்று நின்றேன். ஏசினால் நல்லாயிருக்கும் என்றும் இருந்தது.

"ஏன் தங்கச்சி திருப்பின?"

"உங்கட முகம் வெளியால பாத்துது நானா. முகம் பக்கத்துக்குள்ள பாக்கோணும். இல்லாட்டி வாசிக்கிற ஆளின்ட கண்ணும் வெளியால போயிடும்."

"அவ்வளவுதானா?"

"ஓம்."

சிரித்தார். உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். இடது கை சாரத்தை விட்டு வெளியே வந்துவிட்டது, அவர் கவனிக்கவே இல்லை. "ஸித்தி! இஞ்ச வாங்க! எனக்கு ஒண்டுமில்ல! அல்ஹம்துலில்லாஹ், எனக்கு ஒண்டுமில்ல!"

ராத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானா மாம்புரிக் கல்யாண வீட்டுக்குப் போன் எடுத்தார். கேட்டுவிட்டு, "சரி, பரவாயில்ல, எல்லாம் ஹைருக்குத்தான்" என்று வைத்தார். நேற்றுப் பின்னேரம்தான் சிலாபத்துச் சமையல்காரர் ஒருவரைப் பேசி முடித்தார்களாம். புதன்கிழமை நான் வாயைத் திறந்திருந்தால் அந்தக் கல்யாணம் அவருடைய கையில் இருந்திருக்கும். அவர் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. பேத்தியைத் தூக்கி மடியில் வைத்து, "சோறு கொண்டாங்க" என்றார்.

அடுத்த இதழில் முதல் பக்கத்தில் சரியான படம் போடுவேன் என்றேன். சேரிடம் கேட்கவில்லை. போடுவேன்.

ராத்தா வாசல் படலை வரைக்கும் வந்தார். கையில் பார்சல். நெய்ச்சோறும் கறியும், இன்னும் சூடு.

"தங்கச்சி, வேற ஆள் எண்டா மறைச்சிருப்பாங்க. நீங்க தெரிஞ்ச உடன ஓடி வந்திரிக்கீங்க. பாவம், புதன்கிழமை வந்த நேரம் உங்களுக்கும் ஒண்டும் தெரியாதானே?"

"ஓம் ராத்தா" என்றேன்.

பார்சலை அம்மா பிரித்தார். நல்ல கைப்பக்குவம் என்றார். எனக்கும் ஒரு தட்டில் போட்டு மூடி வைத்திருக்கிறார்.